முகத்துக்கு விட்ட கல்

போர்ட்டுஸ் துறைமுகம்
பிப்ரவரி, உறவினர் விருந்து நாள்

சபினில்லா அண்ணிக்கு,

டொனாட்டா எழுதுகிறேன். இன்று உறவுக்காரர்கள் மனத்தாங்கலை மறந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டிய நாள். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கு என்றால் எழுதியிருக்க மாட்டேன்.

முன்னோர் நாட்கள் நேற்றோடு முடிந்தன. நீங்கள் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. போல்லா அத்தைதான் உங்களுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தாள். அண்ணன் போன பிறகு வருகிற முதல் பிப்ரவரி. கல்லறை அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். மதுவில் நனைத்த ரொட்டி, உப்பு, ஊதாப் பூ. பெட்டிக்குள் இறங்கும் குழாய் வழியாக மதுவை நான்தான் ஊற்றினேன். உள்ளே போய் விழுகிற சத்தம் கேட்டது. அண்ணனுக்குத் தண்ணீர் கலக்காமல் குடிக்கப் பிடிக்கும். கலக்கவில்லை.

அத்தை விளக்கைத் தூக்கி, அண்ணனை வைத்த கல்பெட்டியைப் பார்த்தாள்.

"யாருடி இவ, மூஞ்சியே இல்லாம நிக்கிறா?"

"அண்ணிதான் அத்தை. அவங்க இன்னும் உசுரோட இருக்காங்கல்ல, அதான் செதுக்கல."

"உசுரோட இருக்காளா? இருந்தா வந்திருப்பாளே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் அந்தப் பெட்டியைப் பார்த்து நாளாகிறது. முன்பக்கச் சிற்பத்தில் உட்கார்ந்து சுருள் வாசிக்கிறவன் இப்போது அண்ணன். அவன் இறந்ததும் நான் அச்செடுத்து வைத்த சுதைமுகத்தைப் பார்த்து சிற்பி சோட்டிகோஸ் டிசம்பரில் முடித்துவிட்டார். வழுக்கை, தாடி, மூட்டை விழுந்து கோணிப்போன மூக்கு, எல்லாம் அப்படியே. அவனருகில் கை இரண்டையும் தூக்கி நிற்கும் பெண்ணுக்கு, கழுத்துக்கு மேல் முகத்துக்கென்று விட்ட கல் மட்டும். பிசைந்து மறந்துபோன மாவு உருண்டை மாதிரி. அண்ணன் தலையைச் சற்றுத் திருப்பி அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த குளிர்காலத்துக்குக் கடல் மூடுவதற்குள் சோட்டிகோஸ் ஆரலாத்தே நகருக்குக் கப்பல் ஏறுகிறார். அங்கே வேலை அதிகமாம். திரும்பமாட்டார். ஒரு கல்லில் இரண்டு பேர் கை பட்டால் பார்த்ததும் தெரியும். நீங்கள் ஒரு மத்தியானம் வந்து அவர் முன்னால் உட்கார்ந்தால் போதும்.

வராததற்குக் காரணம் எழுத வேண்டாம். காரணம் எனக்குத் தெரியும். தேதி எழுதுங்கள்.

டொனாட்டா


ரோம், ஆற்றின் அக்கரை
மார்ச் ஐடஸ், மாத நடுநாள்

டொனாட்டா,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். தேதி கேட்டாய். தேதி இல்லை.

நேராகவே சொல்கிறேன். அந்தப் பெட்டியில் நான் படுக்க மாட்டேன். சலாரியா சாலையில் எங்கள் சபைக்கு நிலம் இருக்கிறது. நிலத்துக்கு அடியில் மென்பாறையைக் குடைந்த சுரங்கம். அதில் ஒரு சிறிய அறை. சுவரில் இரண்டு இடம் வெட்டியிருக்கிறது. ஒன்று எனக்கு. மற்றது அவருக்கென்று நான் வாதாடி வாங்கியது. ஞானஸ்நானம் பெறாதவருக்கு எப்படி இடம் என்று மூப்பர் கேட்டார். பெறுவார் என்றேன். உன் அண்ணன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வசந்தம், அடுத்த வசந்தம் என்று. உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார். தானியம் அளக்கிறவர் இல்லையா. இரண்டு பக்கமும் மேடு தெரியாமல் கோலால் வழித்துவிடுவார்.

பெட்டியை நாங்கள் சேர்ந்து போய்த்தான் வாங்கினோம். ஆற்றோரப் பட்டறையில் பாதி செதுக்கிய பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றில் நிலாத் தேவி இறங்கி வர, அவள் காதலன் எண்டிமியோன் தலைக்கு மேல் கையை மடக்கிப் படுத்து உறங்குகிறான். அடுத்ததில் அதே உறக்கம், அதே கை. மேலே நிலாவுக்குப் பதில் சுரைக்கொடி. பெரிய மீன் உமிழ்ந்துவிட்ட எங்கள் யோனா.

உன் அண்ணன் செலரினுஸ் உரக்கச் சிரித்தார். "என்னய்யா, ரெண்டும் ஒரே ஆளா இருக்கான்?"

"படுக்கறவன் எப்பவும் ஒரே மாதிரிதாங்க படுப்பான்," என்றார் சோட்டிகோஸ். "மேல நிலா வேணும்னா நிலா. கொடி வேணும்னா கொடி. என்ன போடட்டும்?"

செலரினுஸ் என்னைப் பார்த்தார். "கொடியே போடுங்க. நிழலா இருக்கும்."

அந்தச் சொல்லை நான் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. எனக்காகச் சொன்னாரா? நம்பிச் சொன்னாரா? வெயில் நாள், அதனால் சொன்னாரா?

பெட்டியை நகர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை. புதைத்தவரை அசைக்கச் சட்டம் விடாது. நீயும் விடமாட்டாய். வேறொன்று கேட்கிறேன். எனக்கு அந்தச் சுதைமுகம் வேண்டும். என் அறைச் சுவரில் அவரை வரைய வேண்டும்.

அவர் போன செய்தியோடு உன் ஆள் வந்து கதவைத் தட்டியபோது நான் எங்கே இருந்தேன் என்று நீ இன்றுவரை கேட்கவில்லை. சபையில் ஒரு கிழவி இறந்திருந்தாள். அவளுக்கென்று யாரும் இல்லை. அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். விரல் இடுக்குகளைக்கூடத் துடைத்தேன். அந்நேரம் நீ அங்கே என் கணவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். நான் படகிலிருந்து இறங்கியபோது மூடி போட்டு ஈயம் ஊற்றி இறுக்கியிருந்தார்கள்.

காய்ச்சல் கண்ட உடம்பு, வைத்திருக்க முடியாது என்றாய். சரி. ஆனால் சுதை காயும்வரை வைத்திருக்க முடிந்திருக்கிறது.

சபினில்லா


போர்ட்டுஸ்
ஏப்ரல் கலெண்ட்ஸ், மாத முதல் நாள்

அண்ணி,

கடைசி வரியை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம்.

படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். சாக்கு தைக்கிற பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். நானும் ஒரு சாக்கை எடுத்துத் தைத்தேன். சாக்கின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்பது உங்கள் இஷ்டம். எலி மாதிரி மண்ணுக்குள் வளை தோண்டிப் படுப்பதென்றால் படுங்கள். என்னால் தடுக்க முடியாது. ஆனால் பெட்டி இருவருக்கென்று வாங்கியது. செதுக்கியதும் இருவரை. என் அண்ணன் ஒரு மாவு உருண்டையைப் பார்த்துக்கொண்டே கிடக்கச் சம்மதிக்க மாட்டேன். கல்லறைச் சாலையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, பாவம் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாள் போல என்று பேசுவார்கள். செத்தவனுக்கு அந்த அவமானம் எதற்கு?

சுரைக்கொடியைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். பெட்டியின் மூலையில் ஆட்டைத் தோளில் போட்டு நிற்கிறானே மேய்ப்பன், அவனையும் உங்கள் ஆள் என்பீர்கள். அப்பா வைத்திருந்த விளக்கில் அவன் இருந்தான். தானியம் அளப்பவர் சங்கத்து மண்டபக் கூரையில் இன்னும் இருக்கிறான். உங்கள் மூப்பர் பிறப்பதற்கு முன்னாலேயே அவன் ஆட்டைத் தூக்கிக்கொண்டுதான் நின்றான். நாங்கள் அவனைப் பார்த்தால், ஊர்ப்பக்கம், புல், அமைதி, யாரோ நல்லவன் என்று நினைத்துக்கொள்வோம். போதாதா?

சுதைமுகம் எங்கள் வீட்டுப் பேழையில், அப்பா முகத்துக்கும் தாத்தா முகத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

உங்களுக்கு அவன் முகம் வேண்டும். எனக்கு உங்கள் முகம் வேண்டும். நீங்கள் வந்து சோட்டிகோஸ் முன்னால் உட்காருங்கள், எழுந்திருக்கும்போது சுதைமுகத்தைத் தருகிறேன். வரைந்து முடித்ததும் திருப்பித் தர வேண்டும்.

முகத்துக்கு முகம். நானும் தலைதட்டித்தான் அளப்பேன். அவன் தங்கைதானே.

டொனாட்டா


ரோம்
மே ஐடஸ்

டொனாட்டா,

நீ சொன்னதை மூப்பரிடம் சொன்னேன். நீ எழுதிய அத்தனையையும் அல்ல. எலி வளையை விட்டுவிட்டேன்.

"கல்லுல உன் மூஞ்சி இருந்தா என்ன, நீ அங்க படுக்கப் போறதில்லையே" என்றார். அது கல்தான், நான் அல்ல என்று நானும் தலையாட்டினேன். வீடு திரும்பும் வழியில் பாலத்தின் நடுவே நின்றுவிட்டேன். கல்லில் என் முகம் இருப்பதால் நான் அங்கே இருப்பதாகாது என்றால், சுவரில் அவர் முகம் இருப்பதால் அவர் இங்கே இருப்பதாகுமா?

ஆகாது.

இருந்தாலும் வேண்டும்.

ஓவியர் விட்டாலியோவைக் கூட்டிக்கொண்டு அறைக்குப் போனேன். வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, சிவப்பிலும் பச்சையிலும் கோடு இழுத்து, மேலே வட்டம் போட்டு வைத்திருக்கிறார். வட்டத்துக்குள் மேய்ப்பன் வருவான் என்றார். அந்த மேய்ப்பனுக்கு என் வீட்டுக்காரர் முகத்தைப் போடுங்கள் என்றேன்.

"எப்படி இருப்பாரும்மா?"

"வழுக்கை. தாடி. மூக்கு கோணல்."

அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "மேய்ப்பனுக்குத் தாடி கிடையாதும்மா. இளவட்டம், சுருட்டை முடி. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. வழுக்கை மேய்ப்பனா? வெயில்ல என்னாகறது?"

கூட வந்திருந்த மூப்பர் சிரிக்கவில்லை. "சபினில்லா. அந்த மேய்ப்பர் யாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"உன் புருஷன் இல்ல."

"இல்ல."

"பின்ன?"

வட்டம் காலியாகவே இருக்கிறது. ஆனால் முகம் கையில் இருந்தால் வழி கிடைக்கும் என்று தோன்றுகிறது. அதை எங்கேயாவது வைப்பேன். அந்த அறையை விட்டு அவர் வெளியே நிற்கப் போவதில்லை. மூப்பரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆகவே வருகிறேன். என் பக்கத்து நிபந்தனைகள்: கல்லில் நிற்கும் அந்தப் பெண்ணின் கைகளைத் தொடக் கூடாது. ஜெபிக்கிற கைகள், தூக்கியபடியே இருக்கட்டும். முக்காட்டை எடுத்துவிட்டு உங்கள் ஊர் நாகரிகத்துக்குக் கொண்டை போடக் கூடாது. என் பெயரைச் சொல்லிக் குழாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, நான் இருக்கும்போதும், போன பிறகும்.

எலி என்று எழுதினாய். எங்கள் சுரங்கத்தில் எலி இல்லை. அங்கே தின்ன எதுவும் கிடைக்காது. உங்கள் கல்லறையில்தான் விருந்து.

சபினில்லா


போர்ட்டுஸ்
ஜூன் நோன்ஸ், ஐந்தாம் நாள்

அண்ணி,

சரி. கைகளைத் தொடமாட்டோம். கொண்டை வேண்டாம். ஊற்ற மாட்டேன். நல்ல மது, உங்களுக்குத்தான் நஷ்டம்.

தானியக் கப்பல்கள் வந்து துறை நெரிகிறது. திங்கட்கிழமை வராதீர்கள், படகு கிடைக்காது. உங்களுக்குத் தனி அறை இருக்கிறது. சமையலறையில் தெய்வங்களுக்கு வைக்கிற சோற்றை உங்கள் கண்ணில் படாமல் வைக்கச் சொல்கிறேன். நீங்களும் அதைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதீர்கள். அப்படியே கல்லில் வந்துவிடும்.

டொனாட்டா


ரோம்
ஜூலை ஐடஸுக்குப் பிறகு

டொனாட்டா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ உமியில் பொதிந்து சாக்கில் சுற்றிக் கட்டியதால் சுதைமுகத்துக்கு ஒரு கீறலும் இல்லை. அந்தத் தையலைப் பிரிக்கத்தான் கத்தி தேவைப்பட்டது.

கல்லறை அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது நீ உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாய். வெளிச்சத்தை மறைக்கிறீங்க என்று சோட்டிகோஸ் அதட்டிய பிறகும் நகரவில்லை. நான் உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீங்கம்மா. கன்னத்துக்குக் கல்லு பத்தாது" என்றார். நீ திரும்பி நின்றுகொண்டாய். உன் தோள் குலுங்கியது. நீயும் சிரித்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு எதிரில், பெட்டியின் மேல், அவர் முகம். கல்லில் அவர் நன்றாகவே இருந்தார். உன் சோட்டிகோஸ் கெட்டிக்காரர்.

இனி எழுதப் போவது கஷ்டமானது.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சாக்கைப் பிரித்தேன். மேசைமேல் வைத்தேன். நான்கு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த முகம்.

அது அவர் இல்லை.

கன்னம் உள்ளே போயிருக்கிறது. இமை ஒட்டியிருக்கிறது. வாய், எதையோ சொல்லவந்து மறந்த மாதிரி. தாடி சுதையில் நனைந்து சப்பையாகக் கிடக்கிறது. காய்ச்சல் அவரைத் தின்றுவிட்டு மீதி வைத்தது இது. இதைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்றா நான் உன்னோடு மல்லுக்கு நின்றேன்? விட்டாலியோ பார்த்துவிட்டு, இதை வச்சு நான் என்னத்த வரையறது என்று கையை விரித்தார்.

ஒன்று மட்டும் அவர். மூக்கு. நடுவில் ஒடிந்து இடப்பக்கம் சாய்ந்த அந்த மூக்கு. விரலை வைத்துத் தடவினேன். அந்த வளைவு என் விரலுக்குத் தெரியும்.

மறுநாள் அறைக்குப் போனோம். விட்டாலியோ வழக்கப்படி மேய்ப்பனை வரைந்தார். இளவட்டம், சுருட்டை முடி. ஒரு குற்றமும் சொல்ல முடியாத மேய்ப்பன். தோளில் ஆட்டை வரையத் தொடங்கியபோது நிறுத்தச் சொன்னேன்.

"ஆட்டோட மூக்கைக் கோணலாப் போடுங்க."

"எதோட மூக்கை?"

"ஆட்டோட. நடுவுல ஒடிஞ்சு, இந்தப் பக்கம்."

அவர் என்னைப் பார்த்தார். சுதைமுகத்தைப் பார்த்தார். பிறகு தூரிகையைத் தோய்த்தார். தலையில் ரோமத்தைக் குறைக்கவா என்று மட்டும் கேட்டார். குறைக்கச் சொன்னேன்.

மூப்பர் ஞாயிறன்று இறங்கி வந்தார். விளக்கை உயர்த்தி வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஆட்டுக்கு என்ன ஆச்சு?"

"எங்கயோ விழுந்திருக்கும். காணாமப் போன ஆடுதானே."

அவர் விளக்கை இறக்கினார். அழிக்கச் சொல்லவில்லை.

சுதைமுகத்தை இந்தப் படகிலேயே திருப்பி அனுப்புகிறேன். அதே உமி, அதே சாக்கு. தையல் மட்டும் என்னுடையது, உன் அளவுக்கு வராது.

சபினில்லா


போர்ட்டுஸ்
செப்டம்பர் கலெண்ட்ஸ்

அண்ணி,

என் அண்ணனை ஆடாக்கிவிட்டீர்கள்.

பல நாள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கே பயம். இந்தத் துறையில் அவன் கோல் வழித்த பிறகு ஒரு வியாபாரியும் மறுபேச்சுப் பேசினதில்லை. சங்கத்தில் எழுந்து நின்றால் கூட்டம் அடங்கும். அவனுக்கு நான்கு கால் போட்டு, இரண்டு கொம்பு வைத்து, ஒரு பொடியன் தோளில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இதற்கா எங்கள் வீட்டுப் பேழையைத் திறந்து கொடுத்தேன்? போல்லா அத்தையிடம் சொல்லவே இல்லை. மரம் வரைந்திருக்கிறார்கள், அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அது அவர் இல்லை என்று எழுதினீர்கள். கேளுங்கள்.

அந்த முகத்தை எடுத்தவள் நான். வேலைக்காரன் பயந்து ஓடிவிட்டான். அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தாடியில் எண்ணெய் தடவி, சுதையைக் கையால் அள்ளிப் பூசினேன். இறுகும்வரை அசையக் கூடாது. உட்கார்ந்திருந்தேன். சுதை இறுகும்போது சூடாகும், தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியாது. அடுப்பில் வைத்த கல் மாதிரி மெதுவாகச் சூடு ஏறியது. அவனுக்கு உயிர் வந்துவிட்டது என்றே நினைத்தேன். கத்தினேன். அத்தை ஓடிவந்து, "அது சுதை சூடுடி, அவன் இல்ல" என்று என் கன்னத்தில் அறைந்தாள். சூடு இறங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு நிமிஷம்கூட அவனை வெளியே வைத்திருக்க என்னால் முடியவில்லை. மூடச் சொல்லிவிட்டேன். காய்ச்சல் உடம்பு என்பது பிறகு கண்டுபிடித்த காரணம்.

சுதை காயும்வரை வைத்திருக்க முடிந்ததே என்று கேட்டீர்களே. இவ்வளவுதான் முடிந்தது.

சோட்டிகோஸ் உங்கள் முகத்தை முடித்துவிட்டுப் போன வாரம் கப்பல் ஏறினார். அது நன்றாக வந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

டொனாட்டா


ரோம்
செப்டம்பர் ஐடஸ்

டொனாட்டா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. நீ சொல்லிவிட்டாய். இப்போது எனக்கும் கொஞ்சம் அந்தச் சூடு தெரிகிறது.

ஆட்டைப் பற்றி. அவரை நான் சிறுமைப்படுத்தவில்லை. எதிர்ப்பக்கச் சுவரில் கைகளைத் தூக்கி நிற்கப்போகும் பெண்ணுக்கு என் முகம் வரும். அவருக்கு எங்கே இடம் என்று தேடினேன். மேய்ப்பராக முடியாது. அது உரிமை உள்ளவர் முகம். என்னோடு நின்று ஜெபிக்கிறவராகவும் முடியாது. அவர் ஜெபிக்கவில்லை, நான் பொய் வரைய மாட்டேன். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தூக்கிச் செல்லப்படுகிற ஒன்றிடம் மட்டும்தான் நீ நம்பினாயா என்று யாரும் கேட்பதில்லை. அது தோளில் கிடந்தால் போதும்.

நாளெல்லாம் மற்றவர்கள் சுமந்துவந்த மூட்டையை எண்ணினவர். ஒரு முறை அவரை யாராவது சுமக்கட்டுமே.

அது உன் அப்பா விளக்கில் இருந்த மேய்ப்பன் என்றே நீ வைத்துக்கொள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சுவரில் இன்னொரு இடம் காலியாகவே இருக்கிறது. மூப்பர் வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்கிறார். உனக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் கடலோடு போய்விட்டார். நீ எங்கள் கூட்டத்தில் சேர வேண்டியிருக்கும், நீ சேரமாட்டாய், தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

சபினில்லா


போர்ட்டுஸ்
பிப்ரவரி, உறவினர் விருந்து நாள்

அண்ணி,

மறுபடி அந்த நாள் வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்கப் பதில் எழுதாமல் இருந்ததற்கு இன்று கணக்குத் தீர்க்கிறேன்.

நேற்றுவரை கல்லறையில்தான். ரொட்டி, உப்பு, ஊதாப் பூ. குழாயில் அண்ணன் பெயரை மட்டும் சொல்லி ஊற்றினேன். போல்லா அத்தை விளக்கைத் தூக்கினாள். பெட்டியை நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்கு கொஞ்சம் பெரிசு. ஆனா அவதான்."

பிறகு அந்தத் தூக்கிய கைகளைப் பார்த்தாள். "இவ ஏன்டி ரெண்டு கையையும் இப்படிக் காட்டிக்கிட்டு நிக்கிறா? போதும் போதும், எனக்கு ஊத்தாதீங்கங்கறாளா?"

"ஆமா அத்தை" என்றேன். "அதையேதான் சொல்றாங்க."

கல்லறைக்குள் அப்படி ஒரு சிரிப்பை அப்பா காலத்திலும் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். சோட்டிகோஸ் எப்படிச் செய்தார் என்று தெரியவில்லை, உங்களுக்கும் கன்னத்தில் லேசாகச் சிரிப்பு இருக்கிறது. கல் போதுமானதாக இருந்திருக்கிறது. அண்ணன் இப்போது மாவு உருண்டையைப் பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். வேண்டாம். அந்த இடத்தை யாரும் இல்லாத ஒரு கிழவிக்குக் கொடுத்துவிடுங்கள். எனக்கு இடம் இருக்கிறது. பெட்டி இருவருக்கு வாங்கியது, ஒருவர்தான் உள்ளே இருக்கிறார். என் காலம் வரும்போது ஈயத்தைப் பிரித்து என்னை அங்கே வைக்கச் சொல்லி அத்தை மகனிடம் வாக்கு வாங்கிவிட்டேன். முகத்தை மாற்றி என் முகமாகச் செதுக்கட்டுமா என்று அவன் கேட்டான். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். சாலையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, புருஷனும் பெண்டாட்டியும் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். நான் திருத்தப் போவதில்லை.

நாளைக் காலைப் படகில் ரோமுக்கு வருகிறேன். ஆட்டைப் பார்க்க வேண்டும். மது கொண்டுவர மாட்டேன். ரொட்டி கொண்டுவருவேன், அதை நாம் இருவரும்தான் சாப்பிடுவோம், உங்கள் மூப்பர் கேட்டால் அப்படிச் சொல்லிவிடுங்கள். ஆட்டின் மூக்கு சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அது மட்டும் கோணல் தப்பியிருந்தால் விட்டாலியோவைச் சும்மா விடமாட்டேன்.

கல்லில் நீங்கள் அவனருகில் நில்லுங்கள், அண்ணி. கையைத் தூக்கியபடியே. படுத்துக்கொள்வதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டொனாட்டா